கலிவிகோடியின் காலடி

காணிப்பாக்கம் விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திருப்பதிக்குக் கிளம்பும் வண்டிகள் வழியெல்லாம் ஒரே காட்சியைத்தான் கடந்து போகும். மாந்தோப்பு முடிந்தால் பாறைக் குன்று, குன்று முடிந்தால் முட்புதர், மறுபடியும் மாந்தோப்பு. தோப்பைப் பார்த்தால் விலை விசாரிக்கத் தோன்றும். குன்றைப் பார்த்தால் மேலே கோயில் இருக்குமோ என்று தோன்றும். இலந்தையும் களாவும் வேலமும் பின்னிக் கிடக்கும் புதர்க்காட்டைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை. சேஷாசலம் மலையைச் சுற்றிக்கொண்டு கடப்பா, அனந்தபூர் வரை நீளும் அந்த முள்ளுக்காட்டுக்குள் ஒரு பறவை பல தலைமுறைகளாக ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் போனவர்கள் கடைசியில் பறவையோடு வேறு ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

1840களில் நெல்லூரில் தாமஸ் ஜெர்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் இருந்தார். கம்பெனி சம்பளம் வாங்கியது வைத்தியத்துக்கு, உயிரை வைத்திருந்தது பறவைகளின் மேல். வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து தருவதைப் பாடம் செய்து வைப்பார், உள்ளூர் ஓவியர்களை உட்கார்த்திப் படம் எழுதச் சொல்வார். அப்படி அவர் கைக்கு வந்தவற்றில் ஒன்று எந்த வரிசையிலும் அடங்க மறுத்தது. கௌதாரியைவிடக் கொஞ்சம் சிறிய உடம்பு, ஆள்காட்டிக்கு இருப்பதுபோல நீண்டு மெலிந்த கால், மார்பில் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டை, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். கல்கத்தாவில் இருந்த எட்வர்டு பிளைத் 1848-ல் அதைப் புதிய இனமாக உலகுக்கு அறிவித்தார். ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற பேர் நிலைத்தது. இவ்வளவு பெரிய கண் எதற்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு 138 வருஷம் விலை கொடுக்க வேண்டிவந்தது.

பென்னாற்றுப் பக்கமும் கோதாவரிப் பக்கமும் சிலர் அதைப் பார்த்ததாக எழுதி வைத்தார்கள். 1900-ல் அனந்தபூர் அருகே ஹோவர்டு கேம்ப்பெல் பார்த்தார். அதோடு சரி. 1929 முதல் 1931 வரை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சல்லடை போட்டு அலசிய வெர்னே பறவைக் கணக்கெடுப்புக்கும் அது சிக்கவில்லை. சுதந்திரம் வந்தது, மாநிலங்கள் பிரிந்தன, பறவையியல் அறிஞர் சலீம் அலிக்குத் தாடி நரைத்தது, பறவை வரவில்லை. அழிந்துபோயிருக்கும் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். தேடியவர்கள் எல்லாரும் பறவைக்காரர்களின் வழக்கப்படி விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறியதும் கூடாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே உலகத்தின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இன்னொரு பறவை வேறு விதமாகக் கணக்குத் தப்பிக்கொண்டிருந்தது. கிர்ட்லேண்ட் கதிர்க்குருவி என்று அதற்குப் பேர். 1951-ல் பாடும் ஆண் குருவிகளை எண்ணியபோது 432 இருந்தன. 1971-ல் 201. வேட்டையில்லை, விஷமில்லை, காடும் வெட்டப்படவில்லை. பின்னே எங்கே போயின? அந்தக் குருவி ஜாக் பைன் மரத்தடியில்தான் கூடு கட்டும், அதுவும் சுமார் 5 முதல் 20 வயதுக்குட்பட்ட இளமரமாக இருந்தால்தான். ஜாக் பைனின் காய்களோ பிசினால் ஒட்டிக் கிடப்பவை, நெருப்பின் சூடு பட்டால்தான் வாய் திறந்து விதையை உதிர்ப்பவை. வனத்துறை ஊக்கமாகத் தீயை அணைக்க அணைக்க இளமரங்கள் பிறக்காமல் போயின. காடு அப்படியே நின்றது, குருவிக்கு மட்டும் அதில் வீடில்லை.

தவறு புரிந்ததும் அமெரிக்க வனத்துறையினர் தாங்களே அளவாகத் தீ வைக்கத் துணிந்தார்கள். 1980 மே 5 அன்று மாக் ஏரி அருகே அப்படி வைத்த ஒரு தீ காற்றில் கைமீறியது. சுமார் 24,000 ஏக்கர் எரிந்தது, 44 வீடுகளும் கட்டடங்களும் போயின, தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். குருவியைக் காப்பாற்றுகிறோம் என்று ஊரைக் கொளுத்தியவர்கள் என்ற கெட்ட பேர்தான் மிஞ்சியது. 1987-ல் எண்ணியபோது ஆண் குருவிகள் 167. அதற்குப் பிறகுதான் திருப்பம். எரிந்த மாக் ஏரி நிலத்தில் முளைத்த பைன் கன்றுகள் சரியான வயதை எட்டின, குருவிகள் கூட்டமாக வந்து குடியேறின. 2001-ல் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது, 2019-ல் அழியும் இனப் பட்டியலிலிருந்தே குருவி வெளியே வந்தது. ஓர் உயிரின் வீட்டுக்கு வயது உண்டு, உயரம் உண்டு, நெருக்கம் உண்டு, அவற்றை அளந்து எண்ணாகச் சொல்ல முடியும் என்பது அந்தத் துயரமான தீயின் சாம்பலிலிருந்து தெளிந்த பாடம். அந்த எண்களை மைல் கணக்கில் பரந்த காட்டில் எப்படித் தேடுவது?

அதற்கான விடை ஆகாயத்தில் இருந்தது, அதுவும் தற்செயலாகவே அகப்பட்டது. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றின் அகச்சிவப்புப் படங்களை மைக்கேல் மேட்சன் என்பவர் பார்த்துக்கொண்டிருந்தார். மேகத்தையும் கடல்நீரின் வெப்பத்தையும் பார்ப்பதற்காக வைத்த கருவி அது. பாரசீக வளைகுடாப் பக்கத்து இரவுப் படத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. கருவிக் கோளாறு என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் கிண்டிப் பார்த்ததில், எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிக்கும் வாயுவின் சுவாலை அது என்று தெரிந்தது. ஒரு கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் சிறு நெருப்பு இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று மேட்சனும் ஜெஃப் டோசியரும் 1981-ல் கணக்கோடு நிறுவினார்கள். காட்டுத்தீயை வானிலிருந்து பிடிக்கும் வித்தை இப்படிப் பிறந்தது. இந்தியாவின் வனப் பரப்பு ஆய்வு நிறுவனம் 2004 முதல் மாநில வனத்துறைகளுக்கு அனுப்பும் தீ எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இந்த வித்தைதான் இருக்கிறது. ஆனால் எரியும் இடத்தைக் காட்டத் தெரிந்த ஆகாயத்துக்கு, வாழும் இடத்தைக் காட்ட இன்னும் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்கக் கடப்பாவில் ஒருவர் டார்ச் லைட்டோடு புறப்பட வேண்டியிருந்தது.

1985-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் காணாமல்போன அந்தப் பறவையைத் தேட மறுபடியும் ஆளனுப்பியது. போனவர் பாரத் பூஷண். முந்தையவர்களிடமிருந்து அவர் ஒரு விஷயத்தில் வேறுபட்டார்: புத்தகத்தை மூடிவிட்டுப் பறவை பிடிப்பவர்களிடம் போய் உட்கார்ந்தார். படத்தைக் காட்டியதும் கடப்பா மாவட்டத்து முள்ளுக்காட்டில் கண்ணி வைக்கிறவர்கள், அதுவா, கலிவிகோடி என்றார்கள். பகலில் பார்க்க முடியாது, ராத்திரி விளக்கடித்தால் திகைத்து நிற்கும் என்றும் சொன்னார்கள். 1848-ல் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அதுதான் விடை. பெரிய கண் இருட்டுக்கு. வெள்ளைக்கார டாக்டர் முதல் சுதந்திர இந்தியாவின் நிபுணர்கள் வரை எல்லாரும், இரவில் நடமாடும் பறவையைப் பகலில் தேடியிருக்கிறார்கள்.

1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி அருகே ஐதன்னா என்ற பறவை பிடிப்பவர் இருட்டில் ஒன்றைப் பிடித்தே விட்டார். உயிரோடு, கையில். செய்தி பம்பாய்க்குப் பறந்தது. அப்போது சலீம் அலிக்கு வயது 89. பறவையோ பிழைக்கவில்லை. கழகத்தின் சேகரிப்பில் இன்று பாடம் செய்த உடலாக இருப்பது அதுதான். நூறு வருஷத்துக்கு அருகில் தேடிக் கிடைத்த ஒன்று கையிலேயே செத்துப்போனதைப் போன்ற வேதனை பறவை ஆராய்ச்சியில் அதிகமில்லை. இருந்தாலும் இனம் உயிரோடிருக்கிறது என்பது உறுதியாயிற்று. 1988-ல் தபால் துறை அதற்கு ஒரு தபால்தலை வெளியிட்டது, அதே ஆண்டில் ஸ்ரீ லங்கமல்லேஸ்வரர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஊர் கூடிக் கொண்டாடிய வேளையில் கிருஷ்ணா நதி அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

சென்னையின் தாகத்துக்கும் இந்தப் பறவைக்கும் சம்பந்தமுண்டு என்றால் நம்பச் சிரமம்தான். எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் இந்திரா காந்தியும் 1983-ல் சென்னையில் ஒரே மேடையில் நின்று தொடங்கிவைத்த தெலுங்கு கங்கைத் திட்டம், ஸ்ரீசைலத்துத் தண்ணீரைச் சோமசீலா, கண்டலேறு வழியாகப் பூண்டிக்குக் கொண்டுவருவது. வழி கடப்பா. கலிவிகோடி கிடைத்த புதர்க்காட்டையும் உரசிக்கொண்டு கால்வாய் போக வேண்டியிருந்தது. பறவைக்காகக் கால்வாயை எத்தனை அடி தள்ளுவது என்று பொறியாளர் கேட்டால் நியாயமான கேள்விதான். அது எந்தப் புதரில் இருக்கிறது, எதில் இல்லை என்று யாராவது சொன்னால்தானே தள்ள முடியும்? சொல்ல ஆளில்லை. ராத்திரியில் திரிவதை, மனித வாடை பட்டால் ஓடிப் புதருக்குள் மறைவதை, எத்தனை முறை டார்ச் அடித்துத் தேடுவது?

2000-ஆம் ஆண்டை ஒட்டி இந்தச் சிக்கல் ப. ஜெகநாதன் என்ற தமிழ் இளைஞரிடம் வந்து சேர்ந்தது. இன்று தமிழில் பறவைகளைப் பற்றியும் காட்டுயிர் பற்றியும் எழுதி வாசகர்களுக்குப் பழக்கமான அதே ஜெகநாதன்தான். பம்பாய்க் கழகத்தின் அசத் ரஹ்மானி, பிரிட்டனைச் சேர்ந்த ரைஸ் கிரீன், கென் நோரிஸ் முதலானவர்களும் சேர்ந்த குழு அது. பறவையைப் பார்க்க முடியாது என்றால் பார்க்காமலே இருந்துவிடுவது என்று இவர்கள் தீர்மானித்தார்கள். அது விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டிருக்கும், அவர்கள் மண் சலித்ததைப் பார்க்கும் வரை.

புதர்களுக்கு நடுவே ஐந்து மீட்டர் நீளத்துக்கு நைஸான மண்ணைப் பரப்பி, மேலே கையால் வழித்து மட்டமாக்கினார்கள். மறுநாள் காலையில் போய்க் குனிந்து பார்த்தார்கள். மறுபடி வழித்தார்கள், மறுபடி பார்த்தார்கள். வாசல் தெளித்து வழித்துவிட்ட மண்ணில் யார் நடந்தாலும் காலடி விழுமே, அவ்வளவுதான் தந்திரம். இரவில் அந்த வழியே போன உயிர்களெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயின. கலிவிகோடிக்கு முன்பக்கம் மூன்று விரல்தான், பின்விரல் கிடையாது. ஆனாலும் அதே காட்டில் ஆள்காட்டிகளும் நடமாடுவதால் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது, ஒவ்வொரு தடத்தையும் அளக்க வேண்டும். தானாகப் படம்பிடிக்கும் கேமராக்களையும் சேர்த்து வைத்தார்கள். பறவையை மிரட்டாமல், பிடிக்காமல், சாகடிக்காமல் அது இருக்கும் இடத்தை அறியும் வழி கிடைத்துவிட்டது என்று 2002-ல் அவர்கள் எழுதினார்கள். ஐதன்னாவின் கையில் நேர்ந்தது இனி நேர வேண்டியதில்லை. இது கதையின் பாதிதான். மீதியை அவர்கள் காலடியில் தேடவில்லை.

எங்கே நடந்தது என்பதைவிட, எங்கே நடக்கவில்லை என்பதுதான் இந்த மண் பட்டைகள் தந்த பொக்கிஷம். ஜெர்டன் முதல் பூஷண் வரை கிடைத்த செய்தியெல்லாம் 'இங்கே இருந்தது' என்ற ஒரு வகைதான். மண்ணோ இரண்டையும் பாரபட்சமின்றிச் சொன்னது. பட்டைகளை 11 தொகுதிகளாகப் பல இடங்களில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் நடுவில் வைத்துப் பத்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருந்த புதர்களையும் மரங்களையும் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். சித்திரை வெயிலில் முள்ளுக்குள் குனிந்து புதர் எண்ணுவதைவிட அலுப்பான வேலை எதுவும் அறிவியலில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த அலுப்பிலிருந்துதான் இரண்டு எண்கள் எழுந்து வந்தன.

இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த பெரிய புதர் ஒரு ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த உயரப் புதர் 1,000-க்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில்தான் கலிவிகோடியின் காலடி அதிகம் விழுந்தது. பத்து மீட்டர் சதுரத்துக்குள் மூன்றிலிருந்து ஏழு பெரிய புதர், பத்துக்கும் குறைவாகச் சின்னப் புதர் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பெரிய புதர் இல்லாவிட்டால் ஒளிய இடமில்லை, சின்னப் புதர் மண்டிவிட்டால் ஓட வழியில்லை. யாரும் ஏறிட்டுப் பாராத முள்ளுக்காட்டுக்கு இவ்வளவு துல்லியமான உள்கட்டு இருந்திருக்கிறது. எண் கிடைத்துவிட்டது. ஆனால் கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரம் முழுக்கப் போய்ப் புதர் எண்ண எத்தனை ஆயுள் வேண்டும்? அங்கேதான், தோற்றுப்போக இருந்த ஒரு ராக்கெட் கதைக்குள் நுழைந்தது.

1997 செப்டம்பர் 29. ஸ்ரீஹரிகோட்டா. பி.எஸ்.எல்.வி-சி1 ராக்கெட் ஐ.ஆர்.எஸ்-1டி என்ற தொலையுணர்வுச் செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது. நான்காம் கட்டம் தர வேண்டிய வேகத்தைத் தரவில்லை. 817 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய கோள், ஒரு பக்கம் பூமியை 300 கிலோமீட்டர் வரை நெருங்கிவரும் கோணல் பாதையில் போய் விழுந்தது. அப்படியே விட்டால் காற்றில் உராய்ந்து சீக்கிரமே கீழே வந்துவிடும். பூமியிலிருந்த பொறியாளர்கள் கோளின் சொந்த எரிபொருளைச் செலவழித்து, அந்தத் தாழ்ந்த முனையை 700 கிலோமீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தினார்கள். வட்டம் முழு வட்டமாகவில்லை, ஆனால் கேமரா வேலை செய்தது. அந்த வாரம் பொறியாளர்கள் கைவிரித்திருந்தால், கடப்பாவில் புதர் எண்ணியவர்களின் நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாகவே முடிந்திருக்கும்.

குழு செய்தது இதுதான். ஒவ்வொரு மண் பட்டையும் ஐ.ஆர்.எஸ்-1டி எடுத்த படத்தில் எந்தக் கட்டத்துக்குள் விழுகிறது என்று பார்த்தார்கள். அந்தக் கட்டம் எந்த நிறத்து ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று குறித்தார்கள். காலடி விழுந்த கட்டங்களின் ஒளியும், விழாத கட்டங்களின் ஒளியும் வேறு வேறாக இருந்தன. இரண்டையும் ஒரு புள்ளியியல் சமன்பாட்டில் போட்டதும், யாரும் கால் வைக்காத இடத்துக்கும் சமன்பாடு பதில் சொல்லத் தொடங்கியது: இங்கே இருக்கச் சாத்தியம் அதிகம், இங்கே குறைவு, இங்கே இல்லை. சாத்தியம் அதிகமுள்ள கட்டத்துக்கு ஒரு நிறம், குறைந்ததுக்கு இன்னொன்று. 2004-ல் ஆய்வு வெளியானபோது பார்க்காத பறவையின் வீடு காகிதத்தில் வந்துவிட்டது.

இன்று வன அலுவலகச் சுவரிலும், அணைக்கும் சுரங்கத்துக்கும் அனுமதி கேட்கும் கனத்த அறிக்கைகளின் பின்னிணைப்பிலும், புலி, யானை பற்றிய செய்திகளுக்கு நடுவே பத்திரிகைகளிலும், பச்சை மஞ்சள் சிவப்பு பூசிய படமாக யாரும் நின்று பார்க்காமல் தாண்டிப் போகும் 'வாழிட வரைபடம்' இதுதான். உலகத்தில் இதற்கு மூத்த உறவுகள் உண்டு. 1980களிலேயே ஆஸ்திரேலியர்கள் தட்பவெப்பத்தை வைத்துப் பாம்புகள் வாழக்கூடிய இடத்தைக் கணித்தார்கள். ஆனால் சலித்த மண்ணில் விழுந்த காலடியில் தொடங்கி ஆகாயம் வரை ஏறிப்போனது கடப்பாப் படம்தான் என்று தோன்றுகிறது. இதில் ஒரு கிண்டலும் ஒளிந்திருக்கிறது. அதே இந்தியச் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டுதான் 2000-ல் மத்திய அரசு பாழ்நிலங்களின் தேசிய அட்லஸை வெளியிட்டது. புதர் மண்டிய நிலம் அதில் பாழ்நிலத்தின் ஒரு வகை. ஒரே ஆகாயக் கண், ஒரே முள்ளுக்காடு. ஒரு படத்தில் பாழ், இன்னொன்றில் உலகின் அரிய பறவை ஒன்றின் வீடு.

படம் வந்த மறுவருஷமே அதன் பலத்துக்குச் சோதனை வந்தது. 2005-ன் இறுதியில் சரணாலயத்துக்குள்ளேயே தெலுங்கு கங்கைக் கால்வாயைத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள், அனுமதியில்லாமல். வனத்துறை வேலையை நிறுத்தியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு வரை போயிற்று. எத்தனை அடி தள்ளுவது என்ற பழைய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல ஆளிருந்தது, கையில் எண் இருந்தது. கால்வாயின் பாதை மாற்றப்பட்டது, பறவைக்கெனக் கூடுதல் நிலமும் சேர்ந்தது. சென்னைக்குத் தண்ணீரும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் 2007-ல் வந்த இன்னோர் ஆய்வு வேறு கதை சொன்னது. 1991-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், அந்தப் பகுதியின் புதர்க்காடு 11 முதல் 15 சதவீதம் வரை சுருங்கியிருந்தது. மிஞ்சியவை துண்டு துண்டாக, ஊர்களை விட்டு விலகிக் கிடந்தன. கால்வாயை எதிர்த்து நிற்கலாம், ஆளுக்கொரு ஏக்கராகக் கரையும் காட்டை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

கடப்பாப் படம் வெளியான அதே 2004-ல் வரைபடத்துக்கு இன்னொரு பிறப்பும் நிகழ்ந்தது, வனத்துக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு தொலைபேசிக் கம்பெனியில். பிளைத் நம் பறவையை அறிவித்துச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1948-ல், பெல் லேப்ஸில் கிளாட் ஷானன் தகவலை அளக்க ஒரு கணக்குச் சொன்னார். கம்பியில் சத்தம் கலக்காமல் பேச்சு போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கவலை. 1957-ல் எட்வின் ஜேன்ஸ் என்ற இயற்பியலாளர் அதை வளைத்து, தெரிந்தது கொஞ்சமே என்றால் தெரியாததைப் பற்றி மிகக் குறைவாக ஊகிப்பது எப்படி என்ற விதியாக்கினார். பெல் லேப்ஸின் வாரிசுகளில் ஒன்றான ஏடி அண்டு டி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஸ்டீவன் பிலிப்ஸ், ராபர்ட் ஷாபயர் முதலான கூட்டாளிகளோடு சேர்ந்து அந்த விதியை எடுத்து உயிரினங்களின் மேல் போட்டார். மாக்ஸென்ட் என்ற மென்பொருள் வந்தது. 'இங்கே இருந்தது' என்ற ஒரு வகைச் செய்தி மட்டும் இருந்தாலும் வரைபடம் போட்டுத் தரும், 'இங்கே இல்லை' என்ற சாட்சி தேவையில்லை. அருங்காட்சியகப் பெட்டிகளில் நூறு வருஷமாகத் தூங்கிய தோல்களும் எலும்புகளும் திடீரென்று வரைபடப் புள்ளிகளாக விழித்துக்கொண்டன. மண் சலிக்கும் வேலை மிச்சம் என்று பலர் மகிழ்ந்தார்கள். கூடவே, சலிக்காமல் போட்ட மேலோட்டமான படங்களும் பெருகின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2014 மார்ச்சில் திருமலைக் காடு பற்றி எரிந்தது. சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகத்தின் மலைச்சரிவுகளில் நாள்கணக்கில் தீ. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டு பறந்தன, கீழே பக்தர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கே எரிகிறது என்பதை மேட்சனின் பொட்டுகளின் வழிவந்த செயற்கைக்கோள்கள் காட்டின. எரிந்து முடித்த பரப்பையும் பின்னால் வரைந்து கொடுக்கலாம். ஆனால் எரிந்தது எத்தனை ஏக்கர் என்பது ஒரு கேள்வி, யார் வீடு எரிந்தது என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு எரிந்த பரப்பின் படத்தை வாழிட வரைபடத்தின் மேல் போர்த்திப் பார்க்க வேண்டும். அப்படிப் போர்த்தினால் ஒரே தீ ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு மாதிரி தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கே உரிய செம்மரத்தின் இளங்கன்று கருகும். மிச்சிகன் குருவிக்குத் தீ தாய்வீட்டுச் சீர். கலிவிகோடிக்கு? கடப்பாவின் இரண்டு எண்களை வைத்து யோசித்தால், சின்னப் புதரை மட்டும் இளைக்கவைத்துப் பெரியதை விட்டுவைக்கும் மெல்லிய தீயால் ஓடுவதற்கு வெட்டவெளி கிடைக்கலாம். வருஷா வருஷம் வந்து பெரிய புதரையும் 300-க்குக் கீழே இறக்கும் தீ அதன் கூரையைப் பிடுங்கிவிடும். மேய்ச்சலைப் பற்றியும் விறகு வெட்டுவதைப் பற்றியும் 2004 ஆய்வு இதே தர்க்கத்தைத்தான் வைத்தது. அடியோடு வேண்டாம் என்று அது சொல்லவில்லை, ஓர் அளவு இருக்கக்கூடும் என்றது. ஆட்டுக்காரரை வேலிக்கு வெளியே தள்ளுவதுதான் பாதுகாப்பு என்று பழகிய காதுகளுக்கு அது அவ்வளவு இனிக்கவில்லை.

கூடு தரையில் கட்டுமா, எந்த மாதத்தில், தீக்காலத்துக்கு முன்பா பின்பா என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கு முழுசாகும். கூட்டைப் பார்த்தவர் யாருமில்லை, முட்டையைக்கூட. அப்படித்தான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், ஸ்காட்லாந்தில் ஒரு இழுப்பறை திறக்கப்படும் வரை.

திருமலைத் தீக்கு முந்தைய ஆண்டு, 2013-ல், அபர்டீன் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. பழைய முட்டைச் சேகரிப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த ஆலன் நாக்ஸ், ஜெர்டன்ஸ் கோர்சர் என்று குறித்திருந்த ஒற்றை முட்டையைப் பார்த்தார். இப்படிப்பட்ட பழைய குறிப்புகள் பெரும்பாலும் பொய்த்துப்போகும். ஓட்டின் உட்புறத்திலிருந்து மரபணுவை எடுத்து, அருங்காட்சியகத் தோல்களோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. உலகத்துக்குத் தெரிந்த ஒரே கலிவிகோடி முட்டை அது. எடுக்கப்பட்ட ஆண்டு 1917, எடுத்தவர் கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவப் பணியில் இருந்த எர்னஸ்ட் மீட்டன். அதாவது கடைசியாகப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட 1900-க்குப் பதினேழு வருஷம் பிந்தியது.

ஆண்டைவிட ஊர்தான் ஆச்சரியம். ஜெர்டனின் நெல்லூர் அல்ல, கேம்ப்பெல்லின் அனந்தபூர் அல்ல, பூஷணின் கடப்பாவும் அல்ல. பென்னாற்றங்கரையை விட்டு வெகுதூரம் தெற்கே தள்ளி விழுந்த புள்ளி அது. கோலார் தங்கவயலை விட்டுக் கிழக்கே வந்தால் மாநில எல்லை, எல்லையைத் தாண்டினால் குப்பம், குப்பத்துக்கு அப்பால் பலமனேர், அதற்கும் கிழக்கே காணிப்பாக்கம். வழியெல்லாம் கௌண்டின்யா சரணாலயத்தின் காடும் அதன் ஓரத்து முட்புதரும். 1980களில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த யானைகளுக்காக 1990-ல் அறிவித்த சரணாலயம் அது. அங்கே இரவில் காவல் இருப்பவர்கள் யானை வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள், தரையில் மூன்று விரல் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய வேலை அவர்களுக்கு இருந்ததில்லை.